நாள்மீனும் ஆணையும்: கோளறு பதிகத்து இரண்டாந் திருப்பாட்டின் பொருளாராய்ச்சி

திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிச்செய்த கோளறு திருப்பதிகம் இரண்டாந் திருமுறையில் 85 ஆம் பதிகமாக அமைந்துள்ளது. சைவர் இல்லங்களில் இதனை ஓதுவார் பலர். பொருள் உணர்ந்து ஓதுவார் சிலர். அச் சிலருள்ளும், இதன் இரண்டாந் திருப்பாட்டில் எண்களாற் குறிக்கப்பெற்ற நாள்மீன்கள் இன்னின்ன என்று ஐயமறத் தெளிந்தார் மிகச் சிலரே. முதற்பாட்டு, கோள்கள் ஒன்பதனையும் பெயர் கூறி எண்ணுதலின் ஆண்டு இடர்ப்பாடு இல்லை. இரண்டாம் பாட்டோ நாள்மீன்களைப் பெயராற் கூறாது, 9, 1, 7, 18, 6 என்னும் ஐந்து எண்களை 'ஒடு' என்னும் இடைச்சொல்லாற் பிணைத்துக் கூறுகின்றது. எந்த மீனை முதலாகக் கொண்டு எண்ணுவது? எண்களைத் தனித்தனியே கொள்வதா, ஒன்றோடொன்று கூட்டிக் கொள்வதா? இவ் வினாக்களுக்கு விடை காண்பதும், அவ்விடையினாற் பதிகத்தின் கருத்து எங்ஙனம் விளங்குகின்றது என்று காட்டுவதும் இக் கட்டுரையின் நோக்கமாம்.

இஃது ஏட்டளவில் நின்றொழியும் ஆராய்ச்சி அன்று. யாம் வாழும் எர்ணாவூரிலும், அதனை அடுத்த திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களிலும், மீன்பிடித் தொழிலும் ஆலைப்பணியும் துறைமுகக் கூலியும் செய்து உயிர்வாழும் எளிய மக்கள் மிகப் பலர். சனிப்பெயர்ச்சி வருகின்றது என்றால் இவருட் பலர்க்கு உறக்கம் இல்லை. பரிகாரத்துக்கென்று கடன்படுவாரும் உளர். அவரே அந்திப்பொழுதில் விளக்கேற்றிக் கோளறு பதிகத்தையும் ஓதுகின்றனர். வாய் கோளும் நாளும் நல்லன என்று சொல்ல, நெஞ்சம் அவை தீயன என்று நடுங்குகின்றது. இம் முரண்பாடு பதிகத்தின்பாலதா, ஓதுவார்பாலதா என்று ஆராய்தல் தமிழ் கற்றார்க்கும் சித்தாந்தம் கற்றார்க்கும் கடனாகும்.

1. பதிகம் எழுந்த இடம்

மதுரையில் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பினை ஏற்றுப் பிள்ளையார் திருமறைக்காட்டினின்றும் புறப்படத் துணிந்தபோது, உடனிருந்த திருநாவுக்கரசர் தடுத்தார். சமணர் வஞ்சனைக்கு எல்லையில்லை என்பதும், கோள்நிலையும் தீயதாக உள்ளது என்பதும் அவர் கூறிய காரணங்கள். இதனைச் சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறியுள்ளார். கூற்றுவனுக்கும் அஞ்சோம் என்ற உறுதியுடைய அரசர் கோளுக்கு அஞ்சினாரோ எனின், அற்றன்று. தாம் அஞ்சாத ஒன்றைத் தம்மினும் இளைய அன்பர்பொருட்டு அஞ்சுதல் அன்பின் இயல்பு. சமணர் இழைத்த கொடுமைகளைத் தாமே பட்டறிந்தவராதலின் அவர் உள்ளம் பிள்ளையார்பொருட்டுக் குழைந்தது. ஆகவே பதிகம் கோள்களை மறுப்பாரொடு வாதிடுவதற்கு எழுந்ததன்று. அன்பினால் அஞ்சிய பெரியார் ஒருவரைத் தேற்றுதற்கு எழுந்தது. இந்த இடம் நோக்காது பொருள் கூறுவார் பொருளைத் தவற விடுவர்.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. முதற்பாட்டிற் கோள்கள் ஞாயிறு முதலாகச் சனி ஈறாகக் கிழமை முறையில் எண்ணப்பட்டு, இறுதியில் இராகு கேதுக்களாகிய பாம்புகள் இரண்டும் கூட்டப்பட்டுள்ளன. இது கோள்கள் வானத்தில் நிற்கும் தொலைவு முறையன்று, வாரமுறை. இரண்டாம் பாட்டில் நாள்மீன்கள். எனவே ஐந்துறுப்புடைய பஞ்சாங்கத்தில் வாரமும் நட்சத்திரமும் ஆகிய இரண்டு உறுப்புக்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டன என்பது பெறப்படும். பயணம் புறப்படுவார் முதற்கண் நோக்குவன இவ்விரண்டுமே. மதுரைக்குப் புறப்படும் நிலையில் பாடிய பதிகத்துக்கு இவ்வைப்பு மிகப் பொருந்துவதாம்.

2. எண்களின் பொருள்

வழிச்செலவுக்கு ஆகா என்று சோதிட நூலார் விலக்கிய நாள்மீன்கள் 12. அவையாவன: பரணி, கார்த்திகை, திருவாதிரை, ஆயிலியம், மகம், பூரம், சித்திரை, சோதி, விசாகம், கேட்டை, பூராடம், பூரட்டாதி. பதிகத்தின் ஐந்தெண்களும் இப் பன்னிரண்டனுள் ஐந்தினைக் குறித்து, ஏனையவற்றை உபலக்கணத்தாற் கொள்ள வைத்தன என்பதில் ஐயமில்லை. இன்ன ஐந்து என்பதில்தான் இருவகைக் கொள்கைகள் தோன்றுகின்றன.

ஒரு சாரார் அசுவினி முதலாக எண்ணுவர். அவர் கொள்கைப்படி 9 ஆயிலியம், 9 உடன் 1 கூட்டிய 10 மகம், 9 உடன் 7 கூட்டிய 16 விசாகம், 18 கேட்டை, 6 திருவாதிரை. மற்றொரு சாரார் கார்த்திகை முதலாக எண்ணுவர். அவர் கொள்கைப்படி 9 பூரம், 1 கார்த்திகை, 7 ஆயிலியம், 18 பூராடம், 18 உடன் 6 கூட்டிய 24 பூரட்டாதி.

இலக்கணம் நோக்கி இவற்றுள் ஒன்றைத் தள்ளலாமோ எனின், இயலாது. 'ஒடு' என்பது உடனிகழ்ச்சிப் பொருளிலும் வரும். எண்ணுப் பொருளிலும் வரும். முதற்சாரார் பாட்டின் முன்பகுதியில் அதனைக் கூட்டற் பொருளிலும், பின்பகுதியில் எண்ணுப் பொருளிலும் கொண்டனர். இரண்டாஞ்சாரார் முன்பகுதியில் எண்ணுப் பொருளிலும், பின்பகுதியிற் கூட்டற் பொருளிலும் கொண்டனர். இலக்கணம் இரு பக்கமும் ஒத்து நிற்றலின், பிற சான்றுகளே நடுவாக நின்று தீர்ப்புச் சொல்லுதல் வேண்டும். அவை மூன்று.

முதற்சான்று கணக்கு. இரண்டாஞ்சாரார் கூறும் 24 ஆம் மீனைக் கார்த்திகை முதலாக 27 மீன்களுள் எண்ணிப் பார்ப்பின், அது பூரட்டாதி ஆகாது, உத்தரட்டாதி ஆகும். உத்தரட்டாதி விலக்கப்பட்ட பன்னிரண்டனுள் இல்லை. உத்தராடத்துக்கும் திருவோணத்துக்கும் இடையே அபிசித்து என்னும் மீனைச் சேர்த்து 28 ஆக்கினாலன்றி இக் கணக்குப் பொருந்தாது. தமிழ்நூல்களில் கார்த்திகை முதலெண் இல்லையோ எனின், உண்டு. மணிமேகலையில் புத்தர் பிறந்த விசாகம் நாள்மீன்களின் நடுநின்ற மீனாகக் குறிக்கப்படுகின்றது. கார்த்திகை முதலாக எண்ணினால் விசாகம் 14 ஆவது. 27 இன் நடு அதுவே. அசுவினி முதலாக எண்ணினால் நடுமீன் சித்திரையாகி விடும். ஆகவே கார்த்திகை முதலெண் தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் அங்கும் எண்ணப்பட்டவை 27 மீன்களே. 28 எனின் ஒற்றை நடுமீன் என்பதொன்று இராது. எனவே இரண்டாஞ்சாரார்க்குத் துணைநிற்கக்கூடிய நூலே அவர் வேண்டும் அபிசித்தினை விலக்கி விடுகின்றது.

இரண்டாஞ்சான்று காலம். கார்த்திகை முதலெண் வேதகாலத்து வழக்கு. ஞாயிறு நடுவரை கடந்து வடபால் ஏறும் இளவேனில் நிலை அக்காலத்திற் கார்த்திகையை ஒட்டி நின்றது. நிலவுலகின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டிற்கு ஒருமுறை சுழன்று வருதலால், அந்நிலை மெல்ல மெல்லப் பின்னே விலகி அசுவினியின் தொடக்கத்துக்கு வந்தது. இன்று அரசினர் பஞ்சாங்கம் கொள்ளும் அயனாம்சக் கணக்கின்படி, இரண்டும் ஒன்றி நின்ற ஆண்டு கி.பி. 285. கி.பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர், முற்காலத்து அயனம் ஆயிலியத்தின் நடுவிலிருந்து தொடங்கியதென்றும் தம் காலத்தில் கடகத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டதென்றும் எழுதிவைத்தார். சங்க நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலும், அரசியின் கட்டில்மேல் விதானத்து ஓவியத்தில் ஆடு என்னும் மேட இராசியே தலைமையாக வரையப்பட்டிருந்தது என்று கூறப்படுகின்றது. மேடத்தின் முதன்மீன் அசுவினி. ஏழாம் நூற்றாண்டினராகிய பிள்ளையார், வழிச்செலவுக்கு நாள் பார்ப்பார் தம் காலத்து எண்ணிய முறையை எடுத்தாண்டார் என்று கொள்ளுதலே நேரிது.

மூன்றாஞ்சான்று பொருட்சிறப்பு. முதற்சாரார் கொள்கையில் ஆறாவதாகத் திருவாதிரை வந்து அமைகின்றது. ஆதிரை சிவபெருமானுக்கு உரிய நாள்மீன். ஆரூரில் நிகழ்ந்த ஆதிரைத் திருவிழாவின் பெருமையைப் பிள்ளையார்க்கு எடுத்துரைத்துத் திருப்பதிகம் பாடியவர் திருநாவுக்கரசரே. அந்த அரசர் இப்பொழுது நாளும் கோளும் கருதித் தடுக்கின்றார். அவர்க்கு விடையிறுக்கும் பாட்டில், தீயன என்று விலக்கப்பட்ட மீன்களின் நிரலிலேயே ஆதிரையும் ஒன்றாக நிற்கின்றது. இறைவனுக்கு உரியது என்று ஒரு வாய் போற்றும் மீனையே வழிச்செலவுக்கு ஆகாதது என்று மற்றொரு வாய் விலக்குமாயின், மீனிடத்துத் தீமை உண்டோ? கேட்கும் அரசர்க்கு இதனினும் இனிய விடை வேறில்லை. பூரமும் பூராடமும் கொண்டால் இந்நயம் இழக்கப்படும்.

இம்மூன்று சான்றுகளாலும் அசுவினி முதலெண்ணே கொள்ளத்தக்கது என்பது எம் துணிபு.

3. வானத்து ஐம்மீன்

இனி, இவ்வைந்தினையும் ஏட்டில் மட்டுமன்றி வானத்திலும் காணுதல் வேண்டும். நாள்மீன் என்னும் பெயர் இரு பொருள் தருவது. வானத்து ஒளிரும் மீன் ஒன்று. திங்கள் செல்லும் வழியை 27 கூறாகப் பகுத்த அளவு மற்றொன்று. கூறு ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. இரண்டேகாற் கூறு கொண்டது ஓர் இராசி. அது 30 பாகை. திங்கள் இவ்வட்டத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் ஏறக்குறைய 8 மணியும் ஆகின்றன. பஞ்சாங்கம் காட்டுவது கூற்றினை; கண் காட்டுவது மீனினை. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

எர்ணாவூர் கடற்கரை கிழக்கு நோக்கியது. முழுமதி அந்தியிற் கடலினின்றே எழும். மார்கழி முழுமதியை ஒட்டிய நாட்களில் அதே கிழக்கில் செந்நிறமாக எழுவது ஆதிரை. மேலைநாட்டார் பீட்டல்கியூஸ் என்பர். நள்ளிரவில் அது நம் தலைக்கு மிக அணித்தாக வந்து நிற்கும். மாசி முழுமதியோடு எழுவது மகம். அது ரெகுலஸ் எனப்படும் வெண்மீன். நம் ஊரின் உச்சிக்கு ஏறத்தாழ நேரே கடப்பது. வைகாசி, ஆனித் திங்களில் தென்வானத்திற் செம்மணி போல் விளங்குவது கேட்டை, அஃது அன்டாரீஸ். ஆயிலியமும் விசாகமும் ஒளி குறைந்தன. துறைமுகத்தும் மணலிப்பக்கத்து ஆலைகளிலும் இரவெல்லாம் எரியும் விளக்குகளின் ஒளியில் ஆயிலியத்தைக் காணுதல் இப்பொழுது எர்ணாவூரில் அரிது. ஏனைய மூன்றும் இன்றும் தெளிவாகத் தோன்றுகின்றன. ஆயிலியத்தின்பொருட்டு நடுங்குவார் எத்துணையோ பேர். அதனைக் கண்ணாற் கண்டார் எத்துணையர்?

இவ்வைந்தனுள் மூன்று, சைவர் விழாக் கொண்டாடும் நாள்களாதலையும் நோக்குக. மார்கழியில் ஆதிரை, மாசியில் மகம், வைகாசியில் விசாகம். சோதிட நூலார் வழிச்செலவுக்கு விலக்கிய இந்நாட்களிலேயே அடியார்கள் கால்நடையாகவும் ஊர்தியிலும் வழிச்செலவு செய்து தில்லைக்கும் குடந்தைக்கும் செந்தூருக்கும் செல்கின்றனர். கார்த்திகையும் விலக்கப்பட்ட மீனே. அந்நாளிற்றான் அண்ணாமலைக்கு மக்கள் திரளுகின்றனர். இவருள் ஒருவரேனும் நாள் தீது என்று நின்றாரில்லை. பதிகத்தின் இரண்டாம் பாட்டிற்கு உரை வேண்டுவார் இவர் நடையினையே உரையாகக் கொள்ளலாம். வாயால் ஓதும்போது விளங்காத பொருள், விழாவுக்கு நடக்கும் காலில் விளங்கிக் கிடக்கின்றது.

ஆதிரை மீனைப் பற்றி இன்னுமொன்று கூறுதல் வேண்டும். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் அம்மீன் ஒளி குன்றத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே புலப்படும் அளவு மங்கிப் பின்னர் மீண்டது. தன்னினின்று வெளிப்பட்ட பொருள் குளிர்ந்து தூசாகி அதனை மறைத்தது என்று வானநூலார் ஆராய்ந்து கூறினர். அது முதிர்ந்த மீன். ஒரு காலத்தில் வெடித்து அழியும் என்பதும் அவர் துணிபு. சிவஞானபோதத்து முதற்சூத்திரம் உலகு தோன்றி நின்று அழிவது என்பதனை ஏதுவாகக் கொண்டு, அதற்கு ஒரு வினைமுதல் உண்டு என நாட்டுகின்றது. இறைவன் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் மீனும் அம்மூன்று நிலைக்கும் உட்பட்டதே. மாறுவது எதுவோ அது படைக்கப்பட்டது. படைக்கப்பட்டது எதுவோ அது தலைமை தாங்காது.

4. பெயர்ச்சியும் அச்சமும்

கோள்களைப் பற்றிய அச்சத்தின் அடிப்படையையும் சிறிது ஆராய்வாம். சனி என்னும் கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. ஆதலின் ஓர் இராசியில் இரண்டரை ஆண்டளவு நிற்கின்றது. ஓர் இராசியினின்று அடுத்ததற்கு அது செல்லும் கணமே பெயர்ச்சி எனப்படும். திருக்கணித முறைப்படி சனி மகரத்தினின்று கும்பத்துக்குப் பெயர்ந்த நாள் 17-1-2023. வாக்கிய முறைப்படி அதே பெயர்ச்சி நிகழ்ந்த நாள் 20-12-2023. திருநள்ளாற்றில் விழா எடுத்ததும் அந்நாளிற்றான். இடைவெளி பதினொரு திங்கள். அப்பதினொரு திங்களும் சனி வானத்தில் ஓரிடத்தேதான் நின்றது; இரண்டிடத்து நிற்கவில்லை. கோள் ஒன்று, கணக்கு இரண்டு. பழைய வாக்கியங்களின் கணக்கில் நுண்ணிய வேறுபாடுகள் நூற்றாண்டுதோறும் சேர்ந்து பெருகியதே இதன் காரணம்.

இது கொண்டு பஞ்சாங்கத்தை இகழ்தல் எம் கருத்தன்று. சோதிடம் வேதாங்கங்களுள் ஒன்று. விழாநாளும் நோன்புநாளும் அதனாலன்றி அறியப்படா. திருக்கோயில்கள் வழிவழி வந்த வாக்கியத்தைப் போற்றுதலும் மரபு. யாம் வினவுவது இஃதொன்றே: தீங்கு செய்வது கோளின் நிலையாயின், எக்கணக்கின்படி அது தீங்கு செய்யும்? சனவரியில் தொடங்குமா, திசம்பரில் தொடங்குமா? இராசியின் எல்லை வானத்தில் நட்ட கல்லன்று. கணக்கர் வரைந்த கோடு. அக்கோட்டினைத் தாண்டிய கணத்திற் கடிய வினை செய்யும் அறிவு அக்கோளுக்கு எங்ஙனம் வந்தது?

5. ஆணை

இவ்விடத்துச் சித்தாந்தம் தெளிவாகப் பேசுகின்றது. வினை சடம், தன்னைச் செய்த உயிரை அறிந்து சென்று பற்றும் அறிவு அதற்கில்லை. உயிர், தான் செய்த வினையின் பயனைத் தானே தேர்ந்து நுகரவும் வல்லதன்று. ஆகவே வினைப்பயனை உயிர்க்குக் கூட்டுவிப்பது இறைவன் சத்தி. சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரம் அச்சத்தியை 'ஆணை' என்னும் சொல்லாற் குறிக்கின்றது. இருவினைக்கு ஈடாக உயிர்கள் போக்குவரவு புரிவது அவ்வாணையினால். வினையே சடமாயின், அவ்வினையை அறிவிக்கும் கோளும் மீனும் சடம் என்பது கூறவேண்டா.

அற்றேல் கோள்நிலைக்கும் நம் வாழ்வுக்கும் தொடர்பே இல்லையோ எனின், தொடர்பு உண்டென்று கொள்வார்க்கும் அது குறியும் குறிக்கப்படுவதும் ஆகிய தொடர்பேயன்றிக் காரண காரியத் தொடர்பன்று. நம் கரைவாழ் பரதவர் விடிவெள்ளி கண்டு படகு தள்ளுகின்றனர். விடிவெள்ளி விடியலைக் காட்டுகின்றது, விடியலைச் செய்வதன்று. அதனை வணங்கி வேண்டினும் விடியல் முற்படாது. வைது ஒதுக்கினும் பிற்படாது. அங்ஙனமே கோளும் மீனும் வினையின் வரவைக் காட்டுவன என்று கொள்ளினும், செய்வன என்று கொள்ளுதல் சைவமாகாது.

இப்பொழுது பதிகத்தின் இறுதிப்பாட்டினை நோக்குக. இதனை ஓதும் அடியார் பெறும் பேற்றுக்குப் பிள்ளையார் வேறு சான்று காட்டாது, தம் ஆணையையே உறுதியாக வைக்கின்றார். அச்சொல்லும் 'ஆணை' என்பதே. கோள் கூறித் தொடங்கிய பதிகம் ஆணை கூறி முடிகின்றது. கோளை நடத்துவது எதுவோ அதுவே ஈற்றில் நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டிற் பிள்ளையார் வாக்கில் வந்த சொல்லைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தத்துவச் சொல்லாக நிறுத்தினார். முன்னது அருளியல், பின்னது அளவையியல், பொருள் ஒன்று. தன்செயல் ஒழிந்து சிவனருளோடு ஒன்றிநின்ற பிள்ளையார்க்குத் தம் ஆணை என்றும் சிவனாணை என்றும் இரண்டில்லை. அதனாலேயே அங்ஙனம் கூறும் உரிமை அவர்க்கு உண்டாயிற்று.

6. 'நல்ல' என்றதன் பொருள்

எஞ்சிய தடை ஒன்று. கோளும் நாளும் அடியார்க்கு நல்ல என்று அடுக்கிக் கூறியது, அவர்க்குத் துன்பமே வாராது என்றபடியோ? அங்ஙனமே பலர் கொண்டு, பதிகத்தை ஒரு காப்புக்கயிறு போல் ஓதுகின்றனர். துன்பம் வந்தவழி, ஓதியும் பயனில்லையே என்று அயர்கின்றனர். அச்சமும் அயர்வும் இத் தவறான பொருளினின்றே பிறக்கின்றன.

பதிகம் பாடியபின் நிகழ்ந்ததனைச் சேக்கிழார் வாயிலாகவே அறிக. பிள்ளையார் மதுரை புக்கார். அவர் தங்கிய திருமடத்திற் சமணர் தீ வைத்தனர். நாளும் கோளும் நல்ல என்று பாடியவர் உறையுளிலேயே தீ பற்றியது. அரசர் அஞ்சிய வஞ்சனை நிகழ்ந்தே விட்டது. ஆயின் விளைந்தது யாது? அத்தீ பாண்டியனிடத்து வெப்புநோயாய்ச் சென்றது, திருநீற்றினால் அது தீர்ந்தது, பாண்டியன் சைவனாயினான். தீ வந்தது, தீமை வரவில்லை. பதிகத்தில் 'நல்ல' என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை யாம் கண்டதில்லை. அடியார்க்கு வருவது வரும். வந்தது அவரைக் கட்டாது, அவர் வழியாகப் பிறர்க்கும் நலமாய் முடியும். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்பாரை வினை சென்று பற்றாது என்று கூறும் பொருளும் இதுவே. உடலூழாகிய பிராரத்தம் உடலளவில் நிற்கும், உணர்வினை மாசுபடுத்தாது.

இதற்கு எதிர்நிலையாகவும் ஓர் எடுத்துக்காட்டு நம் திருவொற்றியூரிலேயே உண்டு. சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழடியிற் சூளுரைத்த நம்பியாரூரர், அச்சூள் பிழைத்து ஒற்றியூர் எல்லை கடந்தவுடன் கண்ணொளி இழந்தார். ஆண்டுச் சேக்கிழார் நாளினையாதல் கோளினையாதல் காரணமாகக் கூறினாரல்லர். பிழை சூளின்பாலது, ஒறுத்தவனும் பின்னர்க் கச்சியிலும் ஆரூரிலும் ஒவ்வொரு கண்ணாகத் தந்தவனும் இறைவனே. தோழராகிய நம்பிகட்கே வினைமுறை இதுவாயின், பிழையை நாம் செய்து பழியைச் சனிமேல் ஏற்றுதல் எவ்வளவு எளிய தப்புவழி! கோளை அஞ்சுவோன் தன் செயலை ஆராயான். தன் செயலை ஆராய்வோன் கோளை அஞ்சான்.

7. ஒற்றியூரின் இருபத்தேழு

திருவொற்றியூர்த் தியாகேசர் திருக்கோயிலின் திருச்சுற்றில் நாள்மீன்கள் இருபத்தேழற்கும் உரியனவாக 27 சிவலிங்கங்கள் எழுந்தருளியுள்ளன. நாள்மீன்கள் இத்தலத்துப் பெருமானை வழிபட்டன என்பது தலமரபு. இம்மரபின் நுண்பொருளைக் காண்க. இங்கு மீன்களுக்கு வடிவம் அமைத்து வழிபட வைத்தாரல்லர். ஒவ்வொரு மீனின் பெயராலும் சிவலிங்கமே வைத்தனர். மீன்கள் வழிபடப்படுவன அல்ல, வழிபட்டன. தம் பிறந்தநாள் மீனுக்குரிய இலிங்கத்தின் முன் நின்று விளக்கேற்றும் அன்பர், தம்மைப் போலவே ஆணைக்கு உட்பட்ட ஒன்றன் பக்கத்தில் நின்று, அவ்விரண்டற்கும் தலைவனை வணங்குகின்றார். ஆயிலியத்தாரும் கேட்டையாரும் தம் மீனின் பெயரை இங்கே நாணாது சொல்லலாம். அதுவும் ஒற்றியூரான் அடியார் கூட்டத்தில் ஒன்று.

கோளறு பதிகத்தின் முதற்பாட்டும் இதனையே குறிப்பாற் காட்டிற்று. கோள்களின் நிரலில் திங்கள் உண்டு; பெருமான் சடைமுடியிலும் திங்கள் உண்டு. நிரலிற் பாம்பிரண்டு உண்டு. அவன் அணிகலனும் பாம்பு. தக்கன் மகளிராகிய இருபத்தேழு நாள்மீன்கட்கும் கணவனான திங்களே, சாபத்தால் தேய்ந்தபோது அடைக்கலம் புக்க இடம் அச்சடைமுடி என்று புராணம் கூறும். அஞ்சப்படுவது ஆண்டவன் முடியில் அணியாகக் கிடக்கின்றது.

ஆகவே பதிகத்தின்பால் முரண்பாடு இல்லை. பொருள் நோக்காது ஓதுவார்பால் உண்டு. நாள்மீன்கள் உளவென்றும், அவை ஆணைவழி நிற்பன என்றும், அடியார்க்கு அவை காட்டும் வினைவரவும் நலமாய் முடியும் என்றும் உணர்ந்து ஓதுதல் வேண்டும். பரிகாரத்துக்கென்று கடன்படுவார்க்குச் சொல்லத்தக்கது இதுவே: ஒற்றியூர்க் கோயிலில் விளக்கேற்றக் கடன் வேண்டா, பதிகம் ஓதப் பொருள் வேண்டா. பொருள் அறிந்த ஓதுவார் ஒருவர் ஊர்தோறும் அமர்ந்து, இரண்டாம் பாட்டின் ஐந்தெண்களையும் விரலிட்டு எண்ணிக் காட்டி, மாசி மகத்தன்று கரையில் நின்று கடலினின்று எழும் அம்மீனையும் இளைஞர்க்குச் சுட்டிக் காட்டுவாராயின், ஒரு தலைமுறையில் இவ்வச்சம் ஒழியும். அறிஞர் இவ்வாராய்ச்சியிற் குறை காண்பின் எடுத்துரைக்க. அன்பர் பொருளைக் கைக்கொள்க.

திருச்சிற்றம்பலம்.